அனகாபுத்தூர் இடைத்தேர்தலும் ஒன்பது பாடங்களும்

1

இதில் எதெல்லாம் நடந்தபடியே நினைவிருக்கிறது, எதெல்லாம் பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பது உறுதி. எங்கள் கூட்டங்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத்தான் நடக்கும். மழை பெய்ததாக நினைவு. ஆனால் அது மார்ச் மாதம். ஒரு பெண் நனைந்து வந்து நின்றால் படிப்பவருக்கு இரக்கம் வரும் என்று நானே மழையை வரவழைத்திருக்கலாம். ஆகவே மழையை எடுத்துவிடுகிறேன். அவள் வியர்வையோடு வந்தாள்.

கூட்டத்தின் தலைப்பில் சந்தேகமே இல்லை. பேனருக்கு எழுதிக் கொடுத்தது நான். 'வெளிநாடுகளில் ஜனரஞ்சக அரசியலின் வெற்றி: நாம் கற்க வேண்டிய பாடங்கள்.' பேனர் கடைக்காரர் படித்துவிட்டு, "சினிமா விழாவா சார்? யாருனா நடிகர் வராங்களா?" என்று கேட்டார்.

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. இடைத்தேர்தலில் நாங்கள் தோற்ற பிறகு ஒரு சிற்றிதழ் அதே தலைப்பில் கட்டுரை கேட்டது. எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியில் கனகவல்லி வந்துவிட்டாள். அவளை வெளியே அனுப்பப் பார்த்தேன். ஏற்கெனவே ஒருமுறை அதைச் செய்திருக்கிறேன் என்பதால் இந்த முறை கை வரவில்லை.

[வார்டு எண்ணைச் சொல்லப்போவதில்லை. தேடினாலும் அப்படி ஓர் இடைத்தேர்தல் கிடைக்காது. கட்சியின் பெயரும் வேண்டாம். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொண்டே நடுவில் உட்கார நாற்காலி தேடும் கட்சி. அப்படிப்பட்டவை எல்லா நாட்டிலும் இருக்கின்றன.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அடையாற்றின் கரையில், ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரை ஒட்டி வரிசையாக நின்ற குடிசைகளில் —"

இல்லை. அவை குடிசைகள் அல்ல. செங்கல் வீடுகள். சிமென்ட் ஷீட் போட்ட கூரை. கனகவல்லியின் வீட்டு முன்னறையில் டைல்ஸ் போட்டிருந்தது. ஃபிரிட்ஜ் இருந்தது, வெள்ளம் வந்தால் தூக்கி வைக்கக் கட்டிலுக்கு மேல் ஒரு கான்கிரீட் பரணும் இருந்தது. ஏழைகளைக் குடிசையில் வைத்தால்தான் எங்களுக்குப் புரியும்.

"உலகெங்கும் உழைப்பாளர்களின் கட்சி என்று தம்மை அழைத்துக்கொண்ட கட்சிகளை உழைப்பாளர்களே கைவிட்டது ஏன் என்ற கேள்வி —"

இது கட்டுரை. தவறில்லை. ஆனால் இந்த வாக்கியத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

"ஜீவானந்தம் அன்று காலை நான்கு முறை தன் உரையைத் திருத்தினார்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ஜீவானந்தம் அன்று காலை நான்கு முறை தன் உரையைத் திருத்தினார். அறுபத்து மூன்று வயது. ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கிளைச் செயலாளர். அனகாபுத்தூர் வார்டில் கவுன்சிலர் இறந்துபோய் இடைத்தேர்தல் வந்தபோது, அவரைத்தான் கட்சி வேட்பாளராக அறிவித்தது. அது அவருடைய சொந்த வார்டு. ஆற்றோரத் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி அவர் வீடு. 2015 வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் அந்தத் தெருவுக்குப் போய் இரண்டு வாரம் அங்கேயே சோறு பொங்கிப் போட்டவர். தோழர் என்பதைத் தெருவே 'தோயர்' என்று கூப்பிடும்.

வாக்குப்பதிவுக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்குக் கேட்கப் போகலாமே என்று மனைவி சுபத்ரா சொல்லிப் பார்த்தார்.

"கூட்டம் முடியட்டும் சுபா. என்ன நடக்குதுன்னு புரியாம தெருவுல இறங்கி என்ன பண்றது?"

"தெருவுல இறங்கினாத்தானே புரியும்?"

அவர் சிரித்தார். மனைவி சொல்வது வேறு தளத்தில் உள்ள விஷயம் என்று நினைத்தார். [அப்படித்தான் நினைத்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். அவரோடு பதினேழு வருஷம் இருந்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்பு.]

இரண்டு வருஷமாக அவர் வேறொன்றும் படிக்கவில்லை. தொழிற்சாலை மூடிய ஊர்கள், துறைமுகம் வற்றிய ஊர்கள், நேற்றுவரை தொழிற்சங்கக் கொடி பிடித்தவர்கள் இன்று கோடீஸ்வரனுக்குக் கைதட்டும் ஊர்கள். பெயரே வாயில் நுழையாத மாகாணங்களின் வாக்கு சதவீதம் அவருக்கு மனப்பாடம். உண்மையாகவே அவருக்குத் தூக்கம் கெட்டது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தன் கட்சி ஏன் தோற்கிறது என்று உண்மையாகக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் தோற்றுப் பழகிவிட்டோம்.

ஒன்பது பாடங்கள் எழுதியிருந்தார். மூன்றாவது: 'கோபத்தில் இருப்பவரிடம் புள்ளிவிவரம் பேசாதே.' இதை விளக்கப் பதினான்கு புள்ளிவிவரங்கள் வைத்திருந்தார். ஏழாவது: 'பேசுவதற்கு முன் கேள்.'

கூட்டம் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்தது. முப்பத்திரண்டு பேர். ஓய்வு பெற்றவர்கள், இரண்டு பேராசிரியர்கள், ஒரு வங்கி ஊழியர் சங்கக்காரர், எல்லாக் கூட்டத்துக்கும் வரும் நாலைந்து பேர். அனகாபுத்தூர் வார்டு வாக்காளர் அதில் ஒருவரும் இல்லை, பேச்சாளரைத் தவிர.

எங்கள் கூட்டங்களில் யாரும் கையைத் தூக்கிக் கேள்வி கேட்பதில்லை. துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒருவர் "ஒரு சின்னக் கேள்வி" என்று எழுந்து நாற்பத்தைந்து நிமிஷம் பேசினார். அதிலிருந்து சீட்டு. ஒரு தோழர் சீட்டுகளை வாங்கி, தலைப்பை ஒட்டியவற்றை மேலேயும் மற்றவற்றைக் கீழேயும் அடுக்கி மேடைக்குக் கொடுப்பார். நேரம் இருக்கும்வரை பதில். பேச்சாளரின் நேரம் வீணாகாது. ஜனநாயகமாகவும் இருக்கும். அப்படித்தான் நம்பினோம்.

நான்காவது பாடம் நடந்துகொண்டிருக்கும்போது கனகவல்லி படியேறி வந்தாள்.

4

கனகவல்லிக்கு ஐம்பது வயது இருக்கும். பம்மலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கி, தரை துடைப்பவள். கணவன் இல்லை. முன்னறையை பிரசன்னா என்ற ஒடிசாக்காரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். கட்டட வேலைக்கு வந்தவன். ஆறு வருஷமாக அங்கேதான் இருந்தான். அவளை 'அக்கா' என்பான்.

அவள் முதலில் ஜீவானந்தம் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். தாம்பரத்தில் கூட்டம் என்று சுபத்ரா சொல்ல, ஷேர் ஆட்டோ பிடித்துப் பல்லாவரம் வந்து, மின்சார ரயிலேறித் தாம்பரம் இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாசலில் இருந்த தோழரிடம் சொன்னாள்:

"தோயராண்ட ஒரு வார்த்த பேசணும்."

"கூட்டம் முடியட்டும்க்கா. கேள்வி இருந்தா இதுல எழுதிக் குடுங்க."

"கேள்வி இல்லபா. விசயம்."

"அதையும் இதுலயே எழுதலாம்க்கா."

"கண்ணாடி வூட்ல கீது. நீயே எழுதிக்கோ." அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நேத்து எங்க தெருவுல அல்லா வூட்டுக்கும் செவப்பு பெயின்ட்ல நம்பர் போட்டுக்கினு பூட்டானுங்க. நாளிக்குப் பத்து மணிக்குப் பாரம் எடுத்துனு வரானுங்களாம். கையெழுத்துப் போட்டா வூடு போச்சு, போடாங்காட்டியும் போச்சுன்றானுங்க. இன்னா பண்றதுன்னே தெரில. தோயர் வந்து நின்னா போதும். அவரு பேசக்கூட வாணாம். சும்மா நின்னா போதும்."

அந்தத் தோழர் எழுதினார்: 'நாளை காலை 10 மணிக்கு ஆற்றோரத் தெருவில் வீடுகளைக் காலி செய்யக் கையெழுத்து வாங்க வருகிறார்கள். தோழர் வர வேண்டும். — கனகவல்லி.' நின்றால் போதும் என்பதை எழுதவில்லை. சீட்டு சிறியது.

மேடையில் இருந்து ஜீவானந்தம் அவளைப் பார்த்தார். கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஆற்றோரத் தெருவிலிருந்து ஒரு உழைக்கும் பெண் தன் அரசியல் உரையைக் கேட்க வந்திருக்கிறாள். அவளுக்காகவே ஏழாவது பாடத்தை விரிவாகச் சொன்னார். நடுவில் அவளைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகைத்தார். அவளும் தலையசைத்தாள். சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது, தோழர் வருவார் என்று எடுத்துக்கொண்டாள்.

கேள்வி நேரத்தில் ஆறு சீட்டுகளுக்குப் பதில் சொன்னார். இலத்தீன் அமெரிக்கா பற்றிய கேள்வி மட்டும் இருபது நிமிஷம் எடுத்தது. கனகவல்லியின் சீட்டு மின்விசிறிக் காற்றில் மேசைக்குக் கீழே பறந்து —

5

பறக்கவில்லை.

மேசைக்கு மேல் மின்விசிறியே கிடையாது. சீட்டுகளை அடுக்கிய தோழர் நான்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதியது நான். அதைக் கட்டின் அடியில் வைத்ததும் நான். கெட்ட எண்ணம் இல்லை. ஒரு கணம் யோசித்தேன் என்றுகூடச் சொல்லலாம். 'இது தலைப்பைச் சார்ந்ததல்ல' என்று நினைத்தேன். அந்த வாக்கியம் இதே சொற்களில் மனதில் ஓடியது. அது மட்டும் இந்தக் கதையில் சந்தேகமில்லாமல் நினைவிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாயால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். முடிந்ததும் பேராசிரியர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் நாற்காலிகளை மடக்கப் போய்விட்டேன். பிறகு மறந்துவிட்டேன்.

மின்விசிறிக் கதையை இங்கே உங்களுக்காகப் புதிதாக ஜோடித்தேன் என்று நினைக்க வேண்டாம். அது பழைய சரக்கு. இரண்டு நாள் கழித்து ஜீவானந்தம் கேட்டபோது அவரிடம் அதைத்தான் சொன்னேன்.

6

திங்கள் காலை ஜீவானந்தம் வீட்டில் உட்கார்ந்து உரையைச் சிறு நூலாக்கிக்கொண்டிருந்தார். நான்கு தெரு தள்ளி, ஏழு மணிக்கே, உமேஷ் வந்து நின்றான்.

உமேஷ் பம்மல் மெயின் ரோட்டில் கார் கழுவும் கடை வைத்திருப்பவன். முப்பத்தெட்டு வயது. சுயேச்சை வேட்பாளர். கடைச் சுவரில் ஆளுயரத்துக்குத் தன் போன் நம்பரை எழுதி வைத்திருந்தான். ஞாயிறு இரவு தெருவிலிருந்து யாரோ அதற்கு அடித்திருக்கிறார்கள். அவன் தன் போனைக் கனகவல்லியின் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"நான் பேச வரலக்கா. நீ பேசு. நான் புடிக்கிறேன். ஊரே பாக்குது."

அவள் பேசினாள். பதின்மூன்று நிமிஷம். அழவில்லை. எந்த வருஷம் வீடு கட்டினாள், எத்தனை வெள்ளம் பார்த்தாள், வரி ரசீது எத்தனை இருக்கிறது, எல்லாம். உமேஷ் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. பிறகுதான் போனைத் தன் பக்கம் திருப்பினான்.

"பாத்தீங்களா? இந்த வூட்டையெல்லாம் புடுங்கி யாருக்குக் குடுக்கப் போறானுங்க? டெய்லி ரயில்ல வந்து எறங்கிக்கினே கீறானே வடக்கத்தியான், அவனுக்கு! உன் வூடு, உன் ரேசன், உன் புள்ள வேல. அல்லாம் அவனுக்கு!"

பொய். அந்த இடத்தில் நடைபாதையும் பூங்காவும் வரப்போகின்றன என்று தெருவில் பாதிப்பேருக்குத் தெரியும். ஆனால் பத்து மணிக்குக் கையெழுத்துப் படிவங்களோடு வந்த அதிகாரிகள், நூறு பேரும் ஒரு போனும் எதிரே நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அது பொய் இல்லை. வீடு அன்றைக்குத் தப்பியது.

முன்னறையிலிருந்து பிரசன்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று வேலைக்குப் பின்கதவு வழியாகப் போனான்.

செவ்வாய்க்கிழமை அந்தக் காணொளியை யாரோ ஜீவானந்தத்துக்கு அனுப்பினார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஆற்றோரத் தெருவுக்கு ஓடினார். கனகவல்லி உட்காரச் சொன்னாள். மரியாதையில் குறைவில்லை.

"சீட்டு எழுதிக் குடுத்துட்டு வந்தனே தோயரே. நீங்ககூடப் பாத்துத் தலையாட்டினீங்க."

"எந்த சீட்டும்மா?"

அவள் அவரையே பார்த்தாள். நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி வுடுங்க," என்றாள். "அந்தப் புள்ள உமேசு வந்துச்சு."

7

இந்த இடத்தில் கட்டுரை கொஞ்சம் தலைகாட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படித் தோற்ற கட்சிகள் எல்லா நாட்டிலும் அறிக்கை எழுதுகின்றன. அவற்றில் பலவற்றை ஜீவானந்தத்தின் தயவால் நானும் படித்தேன். வேட்பாளரின் சட்டை, முழக்கத்தின் நீளம், காணொளியின் வேகம் என்று ஒவ்வொன்றையும் அலசுகிறார்கள். 'மக்களிடம் காது கொடுக்க வேண்டும்' என்ற வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் வருகிறது. எந்த மக்களிடம், எத்தனை மணிக்கு, எந்த வாசலில் நின்று என்பது மட்டும் எதிலும் வருவதில்லை. ஜெயித்தவனிடமிருந்து அவனுடைய கால்களைக் கற்றுக்கொள்வது கஷ்டம், ஏழு மணிக்குப் போய் நிற்க வேண்டும். வாயைக் கற்றுக்கொள்வது சுலபம். ஆகவே எல்லோரும் வாயைக் கற்றுக்கொள்கிறார்கள். அவன் கத்திச் சொல்லும் வெறுப்பை, படித்தவர்களுக்குக் கூச்சம் வராத அளவுக்குத் தண்ணீர் விட்டு —

இதை எங்கிருந்தோ தெரிந்துகொண்டு எழுதவில்லை. நாங்களே செய்தோம்.

வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு, ஜீவானந்தம் வீட்டில் நோட்டீஸ் தயாரிக்க உட்கார்ந்தோம். 'உள்ளூர் மக்களுக்கே முன்னுரிமை' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். [இதையும் வேறொருவர் மேல் போட்டு எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.]

"இது உமேஷ் சொல்றதுதானே?" என்றார் ஜீவானந்தம்.

"அவன் யாரைச் சொல்றான்னு பேரைச் சொல்றான் தோழர். நாம யாரையும் சொல்லல. உள்ளூர் மக்கள்னா உள்ளூர் மக்கள். இதுல என்ன தப்பு இருக்கு?"

அவர் காபியைத் தள்ளி வைத்தார். தன் ஒன்பது பாடங்களில் எதிலாவது இதற்கு அனுமதி இருக்கிறதா என்று தேடினார் என நினைக்கிறேன். ஐந்தாவதில் இருந்தது: 'மக்களின் அச்சத்தை அலட்சியப்படுத்தாதே.' காபி ஆறிப்போன பிறகு சொன்னார்:

"போடுங்க. கொட்டை எழுத்துல வேணாம்."

ஆற்றோரத் தெருவில் நோட்டீஸ் கொடுக்கப் போனபோது நானும் கூட இருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று முழுவதையும் படித்தாள் கனகவல்லி. அந்த வரியில் விரல் வைத்தாள்.

"இத்ததான் அவரு மைக்கு வெச்சுச் சொல்லிக்கினு கீறாரே. நீங்க எதுக்கு மெதுவா சொல்றீங்க?"

அவளுக்குப் பின்னால் பிரசன்னா வந்து நின்றான். ஆறு வருஷத்தில் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகியிருந்தான். நோட்டீஸை வாங்கி நிதானமாகப் படித்தான்.

"சார், உள்ளூர்ன்னா எத்தனை வருஷம் சார்? நான் ஆறு வருஷம் ஆச்சு."

கேலி இல்லை. உண்மையிலேயே கேட்டான். ஒரு கணக்கு இருக்கும், அதைச் சொன்னால் எத்தனை வருஷம் பாக்கி என்று பார்த்துக்கொள்ளலாம் என்பது போலக் கேட்டான். ஜீவானந்தம் அவன் தோளைத் தட்டினார். "உனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா," என்றார். பிறகு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தோம்.

அடுத்த வாரம் கனகவல்லி அவனைக் காலி செய்யச் சொன்னாள். வடக்கத்தியானை எதற்கு இன்னும் வைத்திருக்கிறாய் என்று தெருக்காரர்கள் அவள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். அவளால் எதிர்த்து நிற்க முடியவில்லை. முன்பணத்தைப் பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்தாள். ஒரு டப்பாவில் ஊறுகாயும் கொடுத்தாள் என்று —

ஊறுகாய் நான் சேர்த்தது. எடுத்துவிடுகிறேன். அவள் அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

8

எழுதிக் கிழித்த முடிவுகள் இரண்டு.

முதலாவதில் ஜீவானந்தம் நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். கடைசி வாரத்தில் தவறை உணர்ந்து, நோட்டீஸை எரித்துவிட்டு, ஆற்றோரத் தெருவிலேயே பாய் விரித்துப் படுக்கிறார். தெரு மனம் மாறுகிறது. படிக்க நன்றாக இருந்தது. எங்கள் கட்சி ஆட்கள் அழுதிருப்பார்கள். அழுது முடித்து அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் போயிருப்பார்கள்.

இரண்டாவதில் நான் கனகவல்லியிடம் போய் உண்மையைச் சொல்கிறேன். அவள் என்னை மன்னிக்கிறாள். இதைக் கிழிக்க ஒரு மாதம் ஆனது. மன்னிப்பை அவளிடம் கேட்காமலே அவள் வாயில் வைப்பதும் ஒருவகையில் அவளுக்காக நான் சீட்டு எழுதுவதுதான் என்று புரிய அவ்வளவு நாள் பிடித்தது.

நடந்தது வேறு. உமேஷ் ஜெயித்தான். ஜீவானந்தம் மூன்றாவது இடம், 311 வாக்கு. ஆற்றோரத் தெருவின் வாக்குச்சாவடியில் அவருக்கு விழுந்தது நான்கு.

ஐந்து மாதம் கழித்து, அதே படிவங்களை உமேஷே எடுத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து டீ குடித்தான். "இப்பவே போட்டா நல்ல வூடா பாத்து வாங்கித் தரேன்க்கா. அப்பால என்னியக் கேக்காத," என்றான். படம் பிடிக்கப் போனை அன்று வெளியே எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் இடித்துவிட்டார்கள்.

இடித்த அன்று ஜீவானந்தம் அங்கே போனார். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே போய் நின்றார். சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள் கனகவல்லி. அவர் ஃபிரிட்ஜின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ஏற்றி முடித்து மூச்சு வாங்கும்போது அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவன் சொன்னது பொய்ன்னு உனக்கு அப்பவே தெரியாதாம்மா?"

"தெரியுமே."

"அப்புறம் ஏன்?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை.

"அவரு பொய்தான் சொன்னாரு தோயரே. ஆனா என்னாண்ட வந்து சொன்னாரு. நீங்க நெசம்தான் பேசினீங்க. யாராண்ட பேசினீங்க? நானும் அந்த மாடில மூணு மணி நேரம் குந்திக்கினு இருந்தேன். ஒரு வார்த்த என்னியப் பாத்து இல்ல."

வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"போங்க தோயரே, வெயிலு," என்றாள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் செய்து அவள் சொன்னதை அப்படியே சொன்னார். நான் "ம்" கொட்டினேன். சீட்டைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர்தான் முதலில் போனை வைத்தார்.

9

இங்கே முடிவு என்று ஒன்று வர வேண்டும். என்னிடம் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை ஜீவானந்தம் போய் நின்றிருந்தால் வீடுகள் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆற்றோரத்தில் ஒரு தெருவை எடுப்பது என்று முடிவாகிவிட்டால் அறுபத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் நின்று என்ன ஆகப்போகிறது? ஆனால் அவள் வீட்டைக் காப்பாற்றச் சொல்லி வரவில்லையே. நிற்கச் சொல்லி வந்தாள். வீடு போயிருந்தாலும் பிரசன்னா போயிருக்க மாட்டானோ? அல்லது அவனும் போயிருப்பானோ? நான் எப்படி எழுதினாலும் என்னை விடுவித்துக்கொள்ளும் பக்கமாகவே பேனா போகிறது. ஆகையால் இதை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கு அந்தச் சீட்டோடு சம்பந்தமில்லை. நீங்கள் நேர்மையாக யோசிக்கலாம்.

இந்தச் சிற்றிதழுக்கு ஜீவானந்தம் ஆயுள் சந்தாதாரர். இதழ் அவர் வீட்டுக்குத் தபாலில் போகும். மின்விசிறி பற்றி அவர் இப்படித்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

10

ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

உமேஷ் கவுன்சிலராக இருக்கிறான். கார் கழுவும் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டான். அடுத்து சட்டமன்றத்துக்கு நிற்பதாகப் பேச்சு.

ஜீவானந்தம் கிளைச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். ஒன்பது பாடங்களும் நூலாக வந்தன. ஐந்நூறு பிரதி அச்சிட்டோம், நானூற்றுச் சொச்சம் அவர் வீட்டுப் பீரோ மேல் இருக்கிறது. சுபத்ராவோடு மாலையில் நடக்கப் போகிறார். யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

கிளைச் செயலாளர் இப்போது நான்.

பிரசன்னா கோவிலம்பாக்கம் பக்கம் ஒரு கட்டட வேலையில் இருந்ததாகச் சொன்னார்கள். போய் விசாரித்தேன். அந்த வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். எங்கே என்று தெரியவில்லை.

கனகவல்லிக்கு ஊருக்கு வெளியே ரொம்ப தூரத்தில், நான்காவது மாடியில் ஒற்றை அறை வீடு கிடைத்தது. லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. பம்மலில் அதே நான்கு வீட்டு வேலை. போக மூன்று பஸ், வர மூன்று பஸ். வாக்காளர் அட்டையில் முகவரியை இன்னும் மாற்றவில்லை. அந்த முகவரியில் இப்போது ஒரு நடைபாதையும் ஆறு சிமென்ட் பெஞ்சுகளும் இருக்கின்றன.